மஹ்ரூஸ் சொன்ன சாட்சி

போர்ட் சயீத் துறைமுகத்தில் மஹ்ரூஸை அறியாதவர்கள் கிடையாது. அவனுக்கு இடது காதின் கீழ்ப்பாதி இல்லை. பதினேழு வயதில், ஒரு கிரேக்கக் கப்பலுக்கு அடியில் யார் முதலில் கயிறு கட்டுவது என்று மூண்ட சண்டையில் ஒருவன் கடித்துத் துப்பிவிட்டான். கடித்தவனுக்கு முன்பல் இரண்டு போயிற்று. காபிக்கடையில் யாராவது கேட்டால் மஹ்ரூஸ் காதைத் தொட்டுக் காட்டிச் சிரிப்பான்.

படகு வியாபாரிகளின் பிழைப்பே அப்படி. உல்லாசக் கப்பல் வந்து மிதவைகளில் கட்டி நின்றதும் படகுகள் ஈ மொய்ப்பதுபோல் அதைச் சூழ்ந்துகொள்ளும். கயிற்றைச் சுருட்டி மேலே வீசுவார்கள். பயணி ஒருவர் பிடித்துக் கம்பியில் கட்டினால் கூடை ஏறும். தோல் பையும் பித்தளைத் தட்டும் மேலே போகும், பணம் கீழே வரும். பயணிகள் கூடி நிற்கும் மேல்தளம் கப்பலின் பின்பக்கம் இருந்ததால், அதற்கு நேர் கீழே உள்ள இடத்துக்குத்தான் அத்தனை அடிதடியும். மஹ்ரூஸின் அப்பாவும் அந்த இடத்துக்காகவே அடித்துக்கொண்டு கிடந்தவர். மகன் கையிலிருந்து கயிறு நழுவினால் துடுப்பின் தட்டைப் பக்கம் அவன் முதுகில் விழும். அடி வாங்கித்தான் மஹ்ரூஸ் அடிக்கக் கற்றுக்கொண்டான்.

போருக்காக ஊரையே காலி செய்து வேற்றூரில் ஐந்து வருஷம் அகதியாகக் கிடந்தபோது, ரொட்டி வரிசையில் முந்திய ஒருவனின் மூக்கை அவன் உடைத்தான். அவனை விலக்கிவிட வந்தவன்தான் அஷூர். நாலு வயது மூத்தவன், பருத்த உடம்பு, நிதானமான பேச்சு. அவன் தங்கை ராவியாவை மஹ்ரூஸ் கட்டிக்கொண்டான். கல்யாணமான புதிதில் ஒருநாள் அவளை அடிக்கக் கை ஓங்கினான். அவள் கொதிக்கிற பால் பாத்திரத்தை அடுப்பிலிருந்து தூக்கிக்கொண்டு நின்றாள். அதன்பிறகு அவளிடம் அவன் கை ஓங்கவில்லை.

ஊர் திரும்பியதும் மாமனும் மச்சானுமாகப் படகு வாங்கினார்கள். சண்டைக்கு மஹ்ரூஸ், பேச்சுக்கு அஷூர். ஆறு மொழியில் பத்துப் பத்துச் சொல்லை வைத்துக்கொண்டே மேல்தளத்துக் கிழவிகளை அஷூர் சிரிக்கவைப்பான்.

எண்பத்து மூன்றாம் வருஷம், மார்ச் மாதத்துக் காலை. வெள்ளைக் கப்பல் ஒன்று வந்து நின்றது. மதியம் கால்வாய்க்குள் நுழைய வேண்டிய கப்பல், அதனால் நேரம் குறைவு. மஹ்ரூஸின் படகு முதலில் பின்பக்கத்தைப் பிடித்தது. ஒரு கூடை மேலே போய்க்கொண்டிருந்தபோது, இன்னொரு படகு வியாபாரியான ஷஹ்ஹாத் தன் மோட்டார் படகைக் கொண்டுவந்து இடித்தான்.

"காதில்லாதவனே, நகருடா. மோட்டார் வர்ற சத்தம் கேக்கலையா?"

"கேக்குது. மாமனார் வாங்கிக் குடுத்த மோட்டார் தானே? எங்க நிறுத்தணும்னு அவர்கிட்டயே போய்க் கேட்டுட்டு வா."

சுற்றியிருந்த படகுகளில் எல்லாரும் சிரித்தார்கள். ஷஹ்ஹாத்தின் முகம் கறுத்தது. இடுப்பிலிருந்து கத்தியை உருவி, எட்டி, கூடைக் கயிற்றை அறுத்தான். ஒரு வாரச் சரக்கு தண்ணீரில் விழுந்து மூழ்கியது.

"விடு மச்சான்," என்றான் அஷூர். "இன்னொரு கயிறு இருக்கு. அந்தச் சிவப்புத் தொப்பி அம்மா கையை நீட்டிக்கிட்டு நிக்கறாங்க பாரு." ஒரு காலைப் படகின் விளிம்பிலும் ஒரு கையைக் கப்பலின் இரும்பிலும் ஊன்றிக்கொண்டு அவன் அடுத்த கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

மஹ்ரூஸ் கொக்கிக் கம்பை எடுத்தான். ஷஹ்ஹாத் பக்கம் படகைத் திருப்ப, கம்பைக் கப்பலில் முட்டுக்கொடுத்தான்.

"மச்சான், தள்ளாதே," என்றான் அஷூர்.

அது மஹ்ரூஸின் காதில் விழுந்தது. தள்ளினான்.

படகு விலகியது. அஷூர் இடைவெளியில் விழுந்து, இடுப்புவரை தண்ணீரில் மூழ்கியபடி படகின் விளிம்பைப் பற்றிக்கொண்டு தொங்கினான். அந்த நேரம் ஓர் இழுவைப் படகு கடந்துபோனது. அதன் அலை படகைத் தூக்கிக் கப்பலோடு சேர்த்து அறைந்தது. காய்ந்த விறகு முறிவதுபோல் ஒரு சத்தம்.

மஹ்ரூஸ் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குள் அவன் மோட்டார் படகில் பாய்ந்திருந்தான். ஷஹ்ஹாத்தின் கத்தி அவன் முன்கையை முழங்கைவரை கிழித்தது. அவன் கம்பைச் சுழற்றினான், கொக்கி ஷஹ்ஹாத்தின் வலது கண்ணில் இறங்கியது. விழுந்தவனின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து குத்தினான், கை ஓயும்வரை குத்தினான். மேல்தளத்தில் பயணிகள் கைதட்டினார்கள். தங்களுக்காக நடத்தும் வேடிக்கை என்று நினைத்தார்களோ என்னவோ. விசிலடித்தார்கள், படம் எடுத்தார்கள், யாரோ காசுகூட வீசினார்கள். காவல் படகு வந்து அஷூரைத் தண்ணீரிலிருந்து தூக்கியபோதுதான் கைதட்டல் நின்றது. அவன் வாயிலும் மூக்கிலும் ரத்தம். கரை சேரும் முன்பே போய்விட்டான். கப்பல் சொன்ன நேரத்துக்குக் கிளம்பிப் போயிற்று.

விசாரணையில் அதிகாரி ஒரே கேள்வியைத்தான் கேட்டார்.

"படகைத் தள்ளினது யாரு?"

"ஷஹ்ஹாத்," என்றான் மஹ்ரூஸ். "இடிச்சுத் தள்ளினான்."

பார்த்த படகோட்டிகள் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். மஹ்ரூஸின் முஷ்டிக்குப் பயந்தவர்களும், மோட்டார் படகுக்காரன் ஒழிந்தால் நல்லது என்று நினைத்தவர்களும் வாயைத் திறக்கவில்லை. ஷஹ்ஹாத்துக்கு ஏழு வருஷம். கண்ணைப் பறித்ததற்கு மஹ்ரூஸுக்கு ஒன்றரை வருஷம்.

அவன் வெளியே வந்த அன்று ராவியா சிறை வாசலில் துவைத்த சட்டையோடு நின்றாள். வீட்டில் மீன் பொரித்து, சோறும் எலுமிச்சையும் வைத்தாள். அவன் சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னாள்.

"நீ உள்ள இருந்தப்ப நானும் சும்மா இருக்கலை. ஷஹ்ஹாத் பொண்டாட்டி சந்தையில தக்காளி பொறுக்கிக்கிட்டு இருந்தா. தராசுல இருந்த படிக்கல்லை எடுத்து நெத்தியில போட்டேன். ஒன்பது தையல்."

"எதுக்கு?"

"எதுக்கா? எங்கண்ணனைக் கொன்னவன் பொண்டாட்டி, அவளுக்குத் தக்காளி கேக்குதா? அவ சின்னப் பொண்ணும் பக்கத்துல நின்னுச்சு. அழுதுச்சு, அழட்டும்னு விட்டுட்டேன்."

மஹ்ரூஸ் மீனைப் பிட்டான். வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை.

"அவன் தள்ளலை, ராவியா. நான்தான் தள்ளினேன். தள்ளாதேன்னு அஷூர் சொன்னான். கேட்டுச்சு. தள்ளினேன்."

அவள் எழுந்துபோய், பூண்டு இடிக்கும் பித்தளை உலக்கையை எடுத்துவந்து அவன் தோளில் இறக்கினாள். காறை எலும்பு முறிந்தது. மறுபடி ஓங்கி முதுகில் அடித்தாள், பிறகு மண்டையில். அவன் தலையைக்கூட மறைத்துக்கொள்ளவில்லை. அடுத்த வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டியபோது உலக்கையைக் கீழே போட்டாள். அவளுக்கு மூச்சிரைத்தது.

"நாளைக்குக் காலையில போய் அதிகாரிகிட்டச் சொல்றே. நீ போகலைன்னா நான் போவேன்."

கட்டுப்போட்ட தோளோடு அவன் போய்ச் சொன்னான். அதிகாரி இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டார். வழக்கு திரும்ப நடந்து முடிய ஒரு வருஷம் ஆயிற்று. ஷஹ்ஹாத்தை விட்டுவிட்டார்கள். மஹ்ரூஸுக்கு நாலு வருஷம். ராவியா அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இந்தத் தடவை சிறை வாசலில் யாரும் நிற்கவில்லை.

படகை விற்றிருந்தார்கள். அவன் கப்பல் வரும் நாட்களில் படித்துறையில் மூட்டை சுமந்தான். யாரும் அவனோடு பேசுவதில்லை, வம்புக்கும் வருவதில்லை. மூன்றாம் வாரம், பயணிகளின் பேருந்துகள் கெய்ரோவுக்குக் கிளம்பிப் போனபின், ஷஹ்ஹாத் வந்தான். வலது கண் இருந்த குழியில் துணி கட்டியிருந்தான்.

"மூட்டையை இறக்கு," என்றான்.

மஹ்ரூஸ் இறக்கினான்.

"கையைத் தூக்கு. சும்மா நிக்கறவனை அடிக்க மாட்டேன்."

"தூக்க மாட்டேன். நீ அடி."

"அப்ப என்னைக் கொலைகாரனாக்கினியே, இப்பக் கோழையாவும் ஆக்கப் பாக்குறியா?"

மஹ்ரூஸ் கைகளைத் தொங்கவிட்டே நின்றான். ஷஹ்ஹாத் அடித்தான். முதல் அடியில் தாடை இரண்டாக உடைந்தது. இரண்டாவதில் அவன் கல்தரையில் விழுந்தான். விழுந்தவனை விலாவில் மிதித்து, இன்னொரு முறை மிதித்தான். சுமைகாரர்கள் வட்டமாக நின்று பார்த்தார்கள், ஒருவரும் விலக்கவில்லை. ஓய்ந்தபின் ஷஹ்ஹாத் குந்தி உட்கார்ந்து, கட்டிய துணிக்கு மேலாகக் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

மருத்துவமனைக்கு வந்த போலீஸ்காரர் யார் அடித்தது என்று கேட்டார். பேச வாய் திறக்க முடியாததால் காகிதம் கொடுத்தார்கள். "படியில் விழுந்தேன்" என்று மஹ்ரூஸ் எழுதினான்.

தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். இரண்டாம் நாள் ராவியா தூக்குப் பாத்திரத்தில் பருப்புக் கஞ்சியோடு வந்தாள். பல்லிடுக்கு வழியாகக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள், சிந்தியதைத் துடைத்தாள், எழுந்து போனாள். மறுநாளும் வந்தாள். பதிமூன்று நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் கண்ணில் தண்ணீர் வந்தபோதும் பார்க்காததுபோல் துடைத்துவிட்டாள்.

பதினாலாம் நாள் கரண்டியைப் பாதியில் நிறுத்திக் கேட்டாள்.

"உப்பு போதுமா?"

அவன் போதும் என்று தலையசைத்தான். அவள் மிச்சத்தையும் ஊட்டி முடித்தாள்.