கலைக்கிறதுக்கு ஓம், அட்டைக்கு வேண்டாம்

ஒரு சனிக்கிழமை பின்னேரம் பிரான்சில், எங்கள் ஆட்கள் நிறைந்த லா ஷப்பலில், ரயில் பாலத்துக்குப் பக்கத்துச் சலூனில், கழுத்தில் துணியும் காதுவரை சோப்பு நுரையுமாக உட்கார்ந்திருந்தேன். தங்கையிடமிருந்து வட்ஸ்அப்பில் ஒரு குரற்பதிவு வந்தது. அவள் அமெரிக்காவில், நெவாடா மாநிலத்தில், புருஷனோடும் மகளோடும் இருக்கிறாள். போனைக் காதில் வைத்தால் அதற்கும் சேர்த்துச் சவரம் ஆகிவிடுமே என்று ஒலிபெருக்கியை அழுத்தினேன். என் வாழ்நாளின் புத்திசாலித்தனங்களில் அதுவும் ஒன்று.

"அண்ணை, அட்டைக்கு வேண்டாம் எண்டிட்டன். கலைக்கிறதுக்கு ஓம் எண்டிட்டன். இவருக்குத் தெரியாது. தெரிஞ்சா வீட்டிலை பெரிய சண்டை வரும். நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

ஒருத்தருக்கும் சொல்லவில்லை. சலூன் முழுவதும் தானாகவே கேட்டுக்கொண்டது. முடிவெட்டுகிறவர் கத்தியை நிறுத்தினார். வாங்கிலில் தன் முறைக்காகக் காத்திருந்த பாண்டிச்சேரிக்காரர், பிரெபெக்தூர் என்ற அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பத்திரிகையை மெதுவாக மடித்தார்.

எங்கள் பேச்சில் தோட்டத்துக்குள் வந்த மாட்டைத் துரத்துவதும் கலைக்கிறதுதான். பாராளுமன்றத்தை வீட்டுக்கு அனுப்புவதும் கலைக்கிறதுதான். அந்த ஆண்டு கோடையில் பிரான்சில் பாராளுமன்றத்தைக் கூடக் கலைத்திருந்தார்கள். ஆனால் ஒரு பெண், புருஷனுக்குத் தெரியாமல், கலைக்கிறதுக்கு ஓம் என்றால் என் மூளை மாட்டையா நினைக்கும்? அட்டைக்கு வேண்டாம் என்பதும் எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. வங்கி அட்டையால் கட்டினால் கணக்கில் ஆஸ்பத்திரியின் பெயர் வரும், மச்சான் பார்ப்பார். ஆகவே காசாகக் கட்டுகிறாள். துப்பறியும் துறை என்னை இழந்துவிட்டது.

தங்கைக்கு நாற்பத்தாறு வயது. மகளுக்கு இருபது. யாருக்கு என்று யோசித்ததில் எனக்கே தலை சுற்றி வாந்தி வரப் பார்த்தது. அங்கே இருந்தவர்களில் பிள்ளைத்தாச்சி போல இருந்தது நான் ஒருவன்தான்.

"அண்ணை, ஆடாதேங்கோ, காது போயிடும்," என்றார் முடிவெட்டுகிறவர்.

"இங்க பயப்பட ஒண்ணுமே இல்ல தம்பி," என்று பாண்டிச்சேரிக்காரர் ஆறுதல் சொன்னார். "அந்த உரிமைய கான்ஸ்தித்யுசியோன்லயே, அரசியல் சட்டத்துலயே எழுதியாச்சு. வெர்சாய்ல எம்பிங்க எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டுனாங்க. நான் தெலேவிசியோன்ல பாத்தேன்."

"ஐயா, அவள் இருக்கிறது அமெரிக்காவிலை."

"அமெரிக்காவா?" பத்திரிகையை மறுபடி விரித்தார். "அப்பக் கஷ்டந்தான்."

தங்கையை அழைத்தேன். எடுக்கவில்லை. அங்கே காலை, வேலைக்குப் போயிருப்பாள், போனை அலுமாரியில் பூட்டியிருப்பாள். அடுத்து மச்சானின் எண்ணைத் தேடினேன்.

"அவருக்குச் சொல்லவேண்டாம் எண்டெல்லோ சொன்னவ?" என்றார் முடிவெட்டுகிறவர், கத்தியை நீட்டியபடி.

"சொல்லவேண்டாம் எண்டுதான் சொன்னவள். கேக்கவேண்டாம் எண்டு சொல்லேல்லை."

நிதானம் இழந்த மனிதனுக்கு இலக்கணம் மட்டும் எங்கிருந்தோ வந்துவிடுகிறது. மச்சான் முதல் மணியிலேயே எடுத்தார். நுரை ஒட்டிய போனில் ஒலிபெருக்கியை நிறுத்த எனக்குத் தெரியவில்லை. அல்லது தனியாகக் கேட்கத் தைரியம் இல்லை.

"என்ன மச்சான், வீட்டிலை எல்லாரும் சுகமோ? வயித்து வருத்தம், சத்தியெடுக்கிறது, அப்பிடி ஒண்டும் இல்லையோ?"

"ஏன் மச்சான், அங்கை ஏதும் கிருமி பரவுதோ? இஞ்சை எல்லாரும் சுகம். நான் வோட்டுப் போடுற அலுவலாய் இருக்கிறன்."

அவர்களுடைய மாநிலத்தில் வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வருமாம். சனாதிபதியைத் தெரிவு செய்வதோடு, மாநில அரசியலமைப்பை மாற்றுவதற்கான கேள்விகளுக்கும் ஆம், இல்லை என்று நிரப்ப வேண்டுமாம். மச்சான் எனக்கு விளக்கினார், அவருக்கு விளக்குவது பிடிக்கும்.

"ஒரு கேள்வி, கருவைக் கலைக்கிற உரிமையை எழுதிறதோ எண்டு. மற்றது, வோட்டுப் போடேக்கை அடையாள அட்டை காட்டோணுமோ எண்டு. ரெண்டும் ரெண்டு தேர்தலிலை வெண்டால்தான் சட்டப் புத்தகத்துக்குள்ளை போகும். எங்கடை வீட்டிலை கலைக்கிறதுக்கு வேண்டாம், அட்டைக்கு ஓம்."

பாண்டிச்சேரிக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். முடிவெட்டுகிறவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு ஒரு பெருமூச்சு வந்தது. நுரை கண்ணாடிவரை பறந்தது. தங்கை கலைத்தது ஒன்றுமில்லை. அவள் ஒரு வட்டத்தை மையால் நிரப்பியிருக்கிறாள், அவ்வளவுதான்.

அந்த நிம்மதி மச்சானின் அடுத்த வசனம்வரை நீடித்தது.

"ஆனா மச்சான், ஒவ்வொரு முறையும் அவவின்ரை பேப்பரையும் நான் ஒருக்காப் பாத்துத்தான் ஒட்டுறனான். இந்தமுறை தானே ஒட்டி, கையெழுத்தும் வைச்சிட்டு வேலைக்குப் போட்டா. எனக்கு அது சரியாப் படேல்லை. கேத்திலைப் போட்டிருக்கிறன், ஆவியிலை பிடிச்சுத் திறந்து பாக்கப்போறன். உங்களுக்கு ஏதும் சொன்னவவோ?"

போனுக்குள் கேத்தில் சீறத் தொடங்கும் சத்தம் கேட்டது. குடிவந்த நாட்டில் என் தங்கை தன் கையால் தனியாகப் போட்ட முதல் வோட்டு, ஒரு தேநீர்க் கேத்திலின் வாயில் நின்றது. இவ்வளவு நேரமும் ஊரைக் கூட்டிய நான் இப்போது சலூனைச் சுற்றிப் பார்த்தேன். பாண்டிச்சேரிக்காரர், சொல்லிவிடாதே என்று தலையை இடமும் வலமும் பலமாக ஆட்டினார்.

"மச்சான், அடுப்பை நிப்பாட்டுங்கோ," என்றேன். "கையெழுத்து வைச்ச உறையைத் திறந்தா வோட்டுச் செல்லாமல் போயிடும். உங்கடை பக்கம் விழுற வோட்டை நீங்களே கெடுக்கப்போறியளே?"

"அப்ப அவ சொன்னவவோ?"

"உங்களைக் கேட்டுத்தானே அந்த வீட்டிலை ஈயும் பறக்குது."

இது பொய் இல்லை. ஈயைப் பற்றி மட்டும்தான் சொன்னேன். கேத்திலின் சத்தம் இறங்கியது.

"அதுவும் சரிதான்," என்றார்.

"ரெண்டு உறையையும் இப்பவே தபால் பெட்டியிலை போட்டிட்டு வாங்கோ. நான் லைனிலை நிக்கிறன்."

செருப்புச் சத்தம், நாய் ஒன்று குரைத்த சத்தம், பிறகு இரும்பு மூடி ஒன்று இரண்டு தரம் கிறீச்சிட்டது. சலூனில் மூவரும் மூச்சை அடக்கிக் கேட்டோம்.

தங்கை திரும்ப அழைத்தபோது நான் முடிவெட்டி முடித்துத் தெருவுக்கு வந்திருந்தேன். நான் பயந்ததைச் சொல்லி அவளைத் திட்டத் தொடங்கினேன். இடைமறித்தாள்.

"நீங்கள் என்னத்தை நினைச்சியள்? சீ, விசர் அண்ணை!"

"சரி, அதை விடு. அட்டைக்கு ஏன் வேண்டாம் எண்டனி? இஞ்சை நாங்கள் காட்டித்தானே போடுறம்."

"அங்கை அடையாள அட்டை, கார்த் திதாந்தித்தே, எல்லாருக்கும் குடுப்பாங்கள். இஞ்சை அப்பிடி ஒண்டும் இல்லை. என்ரை லைசென்சிலை அப்பான்ரை பேர், வோட்டுப் பதிவிலை இவரின்ரை பேர். கவுண்டரிலை நிண்டு எது நீ எண்டு கேப்பாங்கள். மற்றக் கேள்வி மகளுக்காக. அவளுக்கு என்ன வருமெண்டு ஆருக்குத் தெரியும்? அதை இவரோடை கதைக்கேலாது, கதைச்சாப் பேப்பரை வாங்கி வைச்சிடுவார்." கொஞ்சம் நிறுத்தினாள். "இரவைக்கு வந்துதான் ஒளிச்சுக் கொண்டுபோய்ப் போடோணும்."

"தேவையில்லை. மச்சான் போட்டிட்டார்."

"அவரோ? அவரே கொண்டுபோய்ப் போட்டவரோ?"

"ஓம். மூடியைத் திருப்பியும் திறந்து பாத்தவர், உன்ரை உறை வடிவா உள்ளை விழுந்திட்டுதோ எண்டு."