மிளகாய் மில்லுக்கு மேலே ஒரு பிஎல்எல்

இரைச்சல் இல்லாத ஒரு கடிகாரத்தைச் செய்வதற்காக நாள் முழுக்க ஒருவரோடொருவர் கத்திக்கொண்டிருப்பதுதான் எங்கள் தொழில். ஃபேஸ் லாக்டு லூப், சுருக்கமாக பிஎல்எல் என்று பெயர். போன், ரேடியோ, எதைத் திறந்தாலும் உள்ளே சிப்பில் ஒன்று விடாமல் துடித்துக்கொண்டிருக்கும். அந்தத் துடிப்பு முன்னே பின்னே தடுமாறாமல் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு. சரியாக இருந்தால் யாருக்கும் நம் ஞாபகம் வராது. தப்பினால் மட்டும் தேடி வருவார்கள். இந்த வேலையில் மாட்டிக்கொண்ட சக பாவிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்று நான் சென்னை ஓ.எம்.ஆரில் கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் தொழில் படித்தது ராஜகீழ்ப்பாக்கத்தில், ஒரு மாவு மில்லுக்கு மேலே, மாடியில் இருந்த ஒரே ஓர் அறையில். முதலாளி முரளி சார், சிப்பின் லேஅவுட் வரையும் ஸ்டீபன் அண்ணா, நான். கம்பெனி அவ்வளவுதான்.

ஆர்கனும் பாட்டும்

சேர்ந்த புதிதில் பிஎல்எல் எனக்குப் புத்தகத்தில் மட்டும் புரிந்தது. ஸ்டீபன் அண்ணா தாம்பரத்தில் ஒரு சர்ச்சில் கொயரில் பாடுகிறவர். டீ குடிக்கும்போது ஒரே நிமிஷத்தில் விளக்கிவிட்டார். ஆர்கன் வாசிப்பவர் தாளம் கொடுக்கிறார், கொயர் கேட்டுக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. உடனுக்குடன் திருத்தினால் அவர் கை நடுக்கமெல்லாம் பாட்டில் வந்துவிடும். ரொம்ப மெதுவாகத் திருத்தினால் கொயர் தன் பாட்டுக்குப் போய்விடும்.

எங்கள் கஸ்டமர் வரதன் சார், கிண்டியில் வண்டிகளில் பொருத்தும் ரேடியோ செய்பவர். அவர் தரும் ஆர்கன், அதாவது எங்கள் லூப் பின்பற்ற வேண்டிய துடிப்பு, கொஞ்சம் நடுங்கும். அதனால் மெதுவாகத் திருந்துகிற லூப்தான் வேண்டும். "அவ்ளோதான் சிஸ்டர், நடுங்குற ஆர்கனுக்கு நிதானமான கொயர். இதுக்குப் போயி நாலு வருஷம் காலேஜா?" என்றார் ஸ்டீபன் அண்ணா.

ஓடிப்போன முதல் சிப்

முதல் சிப் வெளிநாட்டு ஆலையிலிருந்து வந்து சேர மாதக்கணக்கானது. பெட்டியைப் பிரித்து, போர்டில் வைத்து, கரன்ட் கொடுத்தோம். துடிப்பு நேராக உச்சிக்குப் போய் அங்கேயே ஒட்டிக்கொண்டது. இறக்கச் சொன்னால் இன்னும் ஏறப் பார்க்கிறது.

தப்பு முழுக்க என்னுடையது. வோல்டேஜ் கூடினால் வேகம் கூடும் என்று நானே எழுதிய ஒரு மாதிரியை வைத்துக் கம்ப்யூட்டரில் சோதித்தேன். சிப்பில் போட்ட, துடிப்பை உண்டாக்கும் நிஜ ஆசிலேட்டரோ வோல்டேஜ் கூடினால் வேகம் குறைகிற ஜாதி. நிஜத்தையும் மற்றதையும் சேர்த்து வைத்து ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்கவில்லை. பாத்ரூமில் போய் அழுதேன். வெளியே வந்தபோது ஸ்டீபன் அண்ணா ஒரு டீயை நீட்டி, "விடு சிஸ்டர். நம்ம கொயர் பாடல, சர்ச்சை விட்டே ஓடிப்போச்சு, அவ்ளோதான்" என்றார்.

கடைசி வாய்ப்பு

இரண்டாவது சிப் லாக் ஆனது, கொயர் ஆர்கனோடு சேர்ந்துகொண்டது. ஆனால் ஒரே இரைச்சல். ஆசிலேட்டரும் அதன் பக்கத்திலிருந்த டிஜிட்டல் பகுதியும் ஒரே சப்ளை கம்பியைப் பகிர்ந்துகொண்டிருந்தன. அந்தப் பக்கம் நடக்கும் ஒவ்வொரு சலசலப்பும் இந்தப் பக்கம் வந்தது. ஒட்டுக்குடித்தனம் இருந்தவர்களுக்குப் புரியும்.

வரதன் சார் மாடியேறி வந்து அளவுக் கருவியின் திரையைப் பார்த்தார். கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. எங்களுக்கு வேறு கஸ்டமர் கிடையாது என்பது அவருக்கும் தெரியும். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "முரளி, மூணாவது சிப்புக்கு நான் காத்திருக்கேன். அதுவும் சரியா வரலைன்னா வெளிநாட்டு சிப்பையே வாங்கிக்கறேன், தப்பா நினைச்சுக்காதீங்க."

பத்து மணிக்கு வரும் மேடு

மூன்றாவது சிப் அழகாக லாக் ஆனது. காலை ஒன்பதரைக்கு அளந்தால் திரையில் இரைச்சலைக் காட்டும் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. பத்து மணிக்கு அதே கோட்டில் ஒரு மேடு. மதியம் மறைந்தது, நாலு மணிக்குத் திரும்ப வந்தது. டியூப் லைட்டை அணைத்தோம், போன்களை வெளியே வைத்தோம். சூடு என்றேன் நான், சப்ளை என்றார் ஸ்டீபன் அண்ணா. வெள்ளிக்கிழமை வரதன் சார் வருகிறார். புதனன்று முரளி சார் அவருக்கு மன்னிப்புக் கடிதம் எழுத ஆரம்பித்துவிட்டார்.

வியாழக்கிழமை எங்கள் ஏரியாவுக்கு மாதாந்திர கரன்ட் கட். யூ.பி.எஸ்.ஸில் கருவிகள் மட்டும் ஓடின. பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று, மேடு வரவில்லை. இரண்டு மணிக்கு கரன்ட் வந்ததும் மேடும் வந்தது. ஃபேனை நிறுத்தினேன், ஏசியை நிறுத்தினேன், மேடு அசையவில்லை. அறை அமைதியானபோதுதான் காலுக்கடியில் மில் ஓடுவது உறைத்தது. தினமும் கேட்டுக் கேட்டு எங்கள் காதுகள் அதை விட்டே விட்டிருந்தன. போன சிப்பின் இரைச்சலில் இந்த மேடு மூழ்கிக் கிடந்திருக்கிறது.

கீழே ஓடினேன். மில் நடத்தும் தனலட்சுமி அக்கா, காலையில் கரன்ட் இல்லாமல் நின்றுபோன மிளகாயை அரைத்துக்கொண்டிருந்தார். அஞ்சு நிமிஷம் நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினேன். நிறுத்தினார். மாடியிலிருந்து ஸ்டீபன் அண்ணா "போயிடுச்சு!" என்று கத்தினார். அக்கா முந்தானையில் கையைத் துடைத்தபடி கேட்டார்: "இன்னா பாப்பா, நான் இங்க மொளகா அரைச்சா அங்க உன் மிசினு தும்முதா?"

பென்சில்

திரும்பி வந்து போர்டைப் பென்சிலால் தட்டிக்கொண்டே போனேன். ஒரே ஒரு இடத்தில் தட்டியபோது கோடு துள்ளியது. சிப் இல்லை, சிப்புக்கு வெளியே லூப்பின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் செராமிக் கெபாசிட்டர். அந்த ரகம் லேசாக அதிர்ந்தாலே கொஞ்சம் வோல்டேஜை உண்டாக்கும். நாங்கள் ஒரு மைக்கையே கட்டி வைத்து, சிப்பைத் திட்டிக்கொண்டிருந்தோம். ஸ்டீபன் அண்ணா எலக்ட்ரானிக் சாமான் விற்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு வண்டியை விட்டு, அதிர்வுக்கு அசராத ஃபிலிம் கெபாசிட்டர் வாங்கி வந்தார். மாற்றியதும் மில் ஓட ஓடவே கோடு தரையோடு கிடந்தது. முரளி சார் கடிதத்தை அழித்துவிட்டு, "இதை யார்கிட்டயும் சொல்லாதீங்கப்பா, மானம் போயிடும்" என்றார்.

வெள்ளிக்கிழமை

வரதன் சார் வந்தார், அளந்தார், தலையாட்டினார். எனக்குத்தான் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. மில் ஓடவில்லை. எட்டிப் பார்த்தால், எங்களுக்கு நல்லது நடக்கட்டும் என்று தனலட்சுமி அக்கா அன்றைக்கு லீவு விட்டு, கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

சும்மா இருந்திருந்தால் ஆர்டர் கையில். ஆனால் வரதன் சாரின் ரேடியோ வண்டியில் போகப் போகிறது. குலுங்காத இடத்தில் அளந்து கொடுப்பது ஏமாற்றுவது மாதிரி இருந்தது. முரளி சாரின் மானத்தை மறந்து வரதன் சாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முரளி சார் முகம் வெளுத்துவிட்டது. நேற்று சரியாக இருந்தது இன்றும் இருக்க வேண்டுமே என்று நினைத்துக்கொண்டே கீழே போய் "அக்கா, ஓட்டுங்க" என்றேன்.

மில் ஓடியது. தரை அதிர்ந்தது. மாடிப்படி வழியாக மிளகாய் நெடி ஏறி வந்தது. கோடு கிடந்த இடத்திலேயே கிடந்தது. வரதன் சார் அடுத்தடுத்து நாலு தும்மல் போட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு முரளி சார் பக்கம் திரும்பினார். "உங்க சிப்பு தும்மலைப்பா, நான்தான் தும்மறேன். ஆர்டரை எழுதிக்கோங்க."

அந்த அறை இப்போது இல்லை. கம்பெனியைப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கிக்கொண்டது, மில் இருந்த இடத்தில் அடுக்குமாடி. ஸ்டீபன் அண்ணா இன்னும் பாடுகிறார். எனக்கு அந்த நாட்கள் மேல் ஏக்கம் இருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. இப்போதைய லேபில் அதிர்வே தெரியாத கருங்கல் மேசை, கோடுகள் எல்லாம் சமர்த்தாகப் படுத்திருக்கின்றன. பென்சிலால் போர்டைத் தட்டுகிற என்னைப் பக்கத்து சீட்டுக்காரர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

இத்தனை வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: இரைச்சல் இல்லாத பிஎல்எல் வேண்டுமென்றால் முதலில் கீழ்வீட்டில் ஒரு மிளகாய் மில்லைக் குடிவைக்க வேண்டும்.