படம் நின்றுபோன ஞாயிற்றுக்கிழமை

மோங்கு நகரில் எங்கள் காம்பவுண்டில் ஆறு வீடுகள். முதன்முதலில் வீட்டுக்கு இன்டர்நெட் வாங்கியவள் மெபெலோ. அவளுக்குக் காது கேட்காது. நாலு வயதில் வந்த மூளைக் காய்ச்சல் உயிரை விட்டுவைத்துக் கேட்கும் சக்தியை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. ஒரு விடுதியில் துணி துவைத்து இஸ்திரி போடும் வேலை. மகள் நமகாவுக்கு மூன்று வயதாக இருந்தபோது புருஷன் வேலை தேடி லிவிங்ஸ்டன் ஊருக்குப் போனான், போனவன் போனவன்தான்.

நமகாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். ஆனாலும் வாய்ப் பேச்சுக்கு முன்பே கைப் பேச்சு வந்துவிட்ட பிள்ளை அவள். அம்மாவும் மகளும் சண்டை போட்டால் எங்களுக்குப் பாத்திரம் இடிபடும் சத்தம் மட்டும்தான் கேட்கும். நான் பக்கத்து வீட்டு டீச்சர். பதினோரு வருஷமாக அந்தச் சண்டைகளை ஜன்னல் வழியே பார்த்துப் பார்த்தே பாதி கைப் பேச்சைக் கற்றுக்கொண்டேன். மெபெலோ கையால் சொன்னவற்றை இங்கே வாயால் சொன்னதுபோலவே எழுதுகிறேன். எனக்கு அப்படித்தான் ஞாபகம் இருக்கிறது.

நமகாவ் நர்ஸுக்குப் படித்து முடித்ததும் கலாபோவுக்கும் அப்பால் ஒரு சின்ன கிளினிக்கில் வேலை கொடுத்தார்கள். வெள்ளக் காலத்தில் கலாபோ வரை பஸ், அதற்குமேல் அரை நாள் படகு. முதலில் இருவரும் போனில் எழுதி அனுப்பிக்கொண்டார்கள். மெபெலோ நாலாம் வகுப்போடு நின்றவள். ஒரு செய்தியை வாசித்து முடிக்க அவளுக்கு ஒரு வேளை ஆகும்.

“எழுத்துல மூஞ்சி இல்லையே டீச்சர். ‘நல்லா இருக்கேன்’னு எழுதறா. எப்படி நல்லா இருக்கா?” என்று என்னிடம் கேட்டாள். முகம் பார்த்துப் பேசுவதற்காகத்தான் இன்டர்நெட் தரும் அந்த வெள்ளைப் பெட்டியை வாங்கினாள்.

பெட்டி வந்ததே தவிர வேகம் வரவில்லை. நமக்கெல்லாம் படம் நின்றுவிட்டால் குரலை வைத்துச் சமாளிக்கலாம். அவளுக்குப் படம் போனால் எல்லாமே போய்விடும். மகள் கையை ஆட்டினால் திரையில் புகை ஆடுவதுபோல ஏதோ ஆடும், பிறகு கட்டம் கட்டமாக உடையும். மெபெலோ பெட்டியை அலமாரி மேல் வைத்துப் பார்த்தாள், கூரைச் சட்டத்தில் கட்டிப் பார்த்தாள், கடைசியில் டவரைப் பார்த்த கிழக்கு ஜன்னலில் வைத்தாள். பின்னால் பூப்போட்ட திரை இருந்தால் படம் இன்னும் திணறுகிறது என்று அவளாகவே கண்டுபிடித்தாள். விடுதியில் கழித்துப்போட்ட நீலப் படுக்கை விரிப்பு ஒன்றைச் சுவரில் ஆணியடித்து மாட்டி, அதற்கு முன்னால் உட்கார்ந்தாள்.

மெல்ல மெல்ல இருவருக்கும் ஒரு முறை அமைந்தது. ஒரு சொல்லைக் கையில் காட்டிவிட்டு அசையாமல் அப்படியே பிடித்திருக்க வேண்டும். படம் வந்து சேர்ந்ததும் எதிரில் இருப்பவள் கட்டைவிரலைத் தூக்குவாள். அப்புறம் அடுத்த சொல். ‘மழை’, கட்டைவிரல். ‘மீன்’, கட்டைவிரல். ‘சாப்பிட்டாயா’, கட்டைவிரல். நாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுவதற்கு அவர்களுக்குக் கால் மணி நேரம் பிடிக்கும். ஞாயிறு நாலு மணிக்கு உட்கார்ந்தால் ஐந்தரை வரை பேசுவார்கள். கூடிவந்தால் முப்பது நாற்பது சொற்கள் தேறும்.

இரண்டு வருஷம் இப்படி ஓடியது. போன மார்ச்சில் ஒரு ஞாயிறு, நான் களி கிண்டிக்கொண்டிருந்தேன். மெபெலோ உள்ளே வந்தாள். விளிம்புவரை எண்ணெய் ஊற்றிய கிண்ணத்தைக் கொண்டுவருபவள் மாதிரி போனை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்திருந்தாள். திரையில் நமகாவ் உறைந்து நின்றாள். ஒரு கை வயிற்றில், வாய் பாதி திறந்து, கண்கள் இடுங்கி.

“அழறா,” என்றாள் மெபெலோ.

நான் உற்றுப் பார்த்தேன். “சிரிக்கிறா மாதிரிதான் இருக்கு. பசிக்குதுன்னு சொல்லியிருப்பா.”

“டீச்சர், இருபத்தாறு வருஷமா அந்த மூஞ்சியத்தான் பாக்கறேன்.”

நான் கையைக் கழுவிவிட்டு நமகாவுக்குப் படம் இல்லாமல் சாதாரணமாகப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

“ஐயோ, ஒண்ணுமில்ல டீச்சர்! அம்மா சமைக்கிற மீனை நெனச்சேன், பசிச்சுது, அவ்வளவுதான். நான் சிரிச்சேன்னு அம்மாகிட்ட சொல்லிடுங்க.”

அப்படியே சொன்னேன். மெபெலோ என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். “குரல் எப்படி இருந்துச்சு?”

“நல்லாத்தான் இருந்துச்சு. கலகலன்னு பேசினா.”

அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். சமாதானமாகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை காலையில் அவள் வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது.

பிறகு நடந்ததை அவள் திரும்பி வந்த பிறகுதான் சொன்னாள். கலாபோவில் இறங்கி, இன்ஜின் படகுக்காரனிடம் கிளினிக் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டியிருக்கிறாள். அவனோ அவள் காதருகே குனிந்து ஊர் நியாயமெல்லாம் பேசிக்கொண்டே ஓட்டினானாம். “பாவம், நல்ல மனுஷன். நானும் நடுநடுவுல தலையாட்டிக்கிட்டே வந்தேன்,” என்றாள்.

கிளினிக் வாசலில் நமகாவ் ஓடிவந்து, எங்கள் ஊர் முறைப்படி முழங்கால் மடித்துக் கைதட்டி வரவேற்றாள். சிரித்த முகம். “ஏம்மா, இந்த வெள்ளத்துல யாராவது வருவாங்களா?” மெபெலோ எதுவும் கேட்கவில்லை. மோங்கு சந்தையில் வாங்கிக் கொண்டுபோயிருந்த கருவாட்டைக் குழம்பு வைத்துக் களி கிண்டிப் போட்டாள். மகள் பாதியில் கை கழுவினாள்.

மறுநாள் மதியம் துணி காயப்போடும்போது நமகாவ் தானாகவே ஆரம்பித்தாள். மூன்று வாரத்துக்கு முன் ஒரு பெண்ணைப் படகில் கொண்டுவந்தார்கள். இரண்டு நாளாக வலி. டாக்டர் இருக்கும் இடத்துக்கு அனுப்ப நேரம் இல்லை. நமகாவ் தனியாகத்தான் பிரசவம் பார்த்தாள். தாய் பிழைத்தாள். குழந்தை அவள் கையிலேயே போய்விட்டது. உன் தப்பு இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் வேலையை விடுவதாகக் கடிதம் எழுதித் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள்.

“ஏன் என்கிட்ட சொல்லல?” என்று மெபெலோ கேட்டாள்.

“அந்த லைன்ல எப்படிம்மா சொல்றது? ‘குழந்தை’ன்னு கையை வச்சு, உன் கட்டைவிரல் வர்ற வரைக்கும் காத்திருக்கணும். ‘செத்துப்போச்சு’ன்னு கையை வச்சு, அப்படியே அசையாம நிக்கணும். அன்னிக்கு ஆரம்பிச்சேன். வயித்துல கைய வச்சேன். அதுக்கு மேல என்னால பிடிச்சுக்கிட்டு நிக்க முடியல.”

இதைச் சொல்லும்போது மெபெலோ தன் வயிற்றில் கையை வைத்துக் காட்டினாள். வைத்த கையைக் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

“நீ என்ன சொன்னே?” என்று கேட்டேன்.

“நான் என்ன சொல்ல? எல்லாத்தையும் சொல்லு, உனக்கு வர்ற வேகத்துல சொல்லு, நான் பாத்துக்கிட்டே இருக்கேன்னேன். மூணு தடவை சொன்னா டீச்சர். மொத தடவை கை பறந்துச்சு, எனக்கே பாதி பிடிபடல. மூணாவது தடவைதான் அழுதா.”

ஒன்பது நாள் தங்கினாள். கிளினிக் விரிப்புகளையெல்லாம் துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். கடைசி நாள், குழந்தையை இழந்த அந்தப் பெண் புளித்த பால் ஒரு குடுவை கொண்டுவந்து நமகாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனாளாம்.

“அந்தக் கடிதத்தை என்ன பண்ணினா?”

“நான் கேக்கல. தலகாணி உறைய மாத்தும்போது பாத்தேன், அங்கதான் இருந்துச்சு. மறுபடி மடிச்சு வச்சுட்டு வந்துட்டேன்.”

என் காதை நம்பி அவளிடம் பொய்யைச் சொன்னது எனக்கு உறுத்தலாக இருந்தது. அதனால், பெட்டி வாங்கின கடைக்குத் துணைக்கு வர முடியுமா என்று அவள் கேட்டதும் உடனே கிளம்பினேன். கடைப் பையன் பெட்டியைக் கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்துவிட்டு, “இதுல வேகம் இதுக்கு மேல வராதும்மா. ஆனா இத்தனை போன் இதுல தொங்குதே? பதினொண்ணு. எல்லாம் யாரோடது?” என்றான்.

எனக்கு முகம் சுட்டது. பாஸ்வேர்டு மகளின் பெயர்தான். கேட்டவர்களுக்கெல்லாம் மெபெலோ கொடுத்திருந்தாள். அந்தப் பதினொன்றில் ஒன்று என்னுடையது. அவர்கள் ஒவ்வொரு சொல்லாகப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்த ஞாயிறுகளில், அடுத்த அறையில் நான் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தேன். வழியில் நின்று அவளிடம் சொன்னேன். அவள் என் தோளில் தட்டினாள். “எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. விடு.”

“பாஸ்வேர்டை மாத்திடு,” என்றேன்.

“மாட்டேன். பெட்டி வர்றதுக்கு முன்னாடி என் வீட்டுப் பக்கம் யாரு வந்தாங்க? இப்ப பாரு, ஜன்னலுக்குக் கீழ எப்பவும் ரெண்டு பேர் உக்காந்திருக்காங்க. போகும்போது வரும்போது எனக்குக் கைதட்டிட்டுப் போறாங்க. ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் போனை அணைச்சு வைக்கச் சொல்லு, போதும்.”

அன்று சாயங்காலமே எல்லோரையும் மாமரத்தடிக்குக் கூப்பிட்டு, நடந்ததில் சொல்லக்கூடியதைச் சொன்னேன். வெல்டிங் பட்டறை லிகாண்டோ மட்டும் எழுந்து நின்று, மெபெலோவைப் பார்த்துக் கத்தினான்: “நாலு மணிக்கா? மேட்ச் ஆரம்பிக்கிற நேரமாச்சே, நமகாவ் அம்மா! வேற நேரமே கெடைக்கலியா?”

மெபெலோ கையால் ஏதோ சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஒன்பது வருஷமா என்கிட்ட கத்தறியே, கேக்காதுன்னு இன்னுமா உனக்குத் தெரியலன்னு கேக்கறா,” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். லிகாண்டோவும் தலையைச் சொறிந்துகொண்டே சிரித்தான். “சரி, மொத பாதி போனாப் போவுது,” என்று உட்கார்ந்தான்.

முதல் ஞாயிறு நானே வீடு வீடாகப் போய் போன்கள் அணைந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு வந்தேன். வேகம் பிய்த்துக்கொண்டு வந்துவிடவில்லை. ஆனால் கை புகையாக இல்லாமல் கையாகத் தெரிந்தது. பத்துச் சொல்லுக்கு ஒரு தடவைதான் படம் நின்றது. நின்றால் இருவரும் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

நமகாவ் இன்னும் அதே கிளினிக்கில்தான் இருக்கிறாள். வேலையை விடவில்லை. அந்த வாரம் பிறந்த குழந்தைகளின் கதையை ஞாயிறுதோறும் அம்மாவுக்குச் சொல்கிறாள். எல்லாம் நல்ல கதைகள் இல்லை. நல்லதில்லாததையும் இப்போது சொல்கிறாள் என்று மெபெலோ என்னிடம் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்தது வருத்தமா நிம்மதியா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஐந்து மணி ஆனதும் லிகாண்டோ சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, “டீச்சர், முடிஞ்சுதா?” என்று குரல் கொடுப்பான். நான் ஜன்னலருகே போய் மெபெலோவைப் பார்ப்பேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் ஐந்து விரலைக் காட்டுவாள். இன்னும் அஞ்சு நிமிஷம் என்று நான் லிகாண்டோவுக்குச் சொல்வேன்.