வேப்பங்கொத்து கிடந்த காளான்

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு புரட்டாசி மாதம். பூலாம்பாடிக்குப் பக்கத்தில்தான் எங்கள் காடு. மக்காச்சோளம் கதிர் பிடிக்கிற நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் டெங்கு காய்ச்சலில் படுத்துவிட்டார். பெரம்பலூரில் சேர்த்து, காய்ச்சல் விட்டு வீட்டுக்கு வந்தாயிற்று. ஆனால் நாக்கு செத்துப்போய்விட்டது. கஞ்சி வைத்தால் முகத்தைத் திருப்புவார், ரசம் வைத்தால் தட்டைத் தள்ளுவார். வாட்டசாட்டமான மனுசன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். இப்படியே சாப்பிடாமல் இருந்தால் மறுபடியும் ஆஸ்பத்திரிதான் என்று டாக்டர் வேறு சொல்லியிருந்தார்.

ஒருநாள் இடியோடு நல்ல மழை. மறுநாள் காலையில் ஜன்னல் வழியாக ஈர மண்ணைப் பார்த்தவர், "புத்துக் காளான் பூத்திருக்கும். கொழம்பு வெச்சா ரெண்டு வாய் சாப்புடலாம்" என்றார். படுத்ததிலிருந்து அவராக வாய் திறந்து கேட்ட முதல் சாப்பாடு. விடுவேனா? கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

எங்கள் காட்டுக்கும் பங்காளி காட்டுக்கும் நடுவரப்பில் ஒரு கறையான் புற்று உண்டு. பங்காளி என்றால் என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன். டிராக்டர் விட்டு வரப்பைக் கரைத்து உழுதுவிட்டார் என்று ஆரம்பித்த சண்டை. நல்லது கெட்டதுக்குக்கூட ஒருத்தர் வாசலை ஒருத்தர் மிதிப்பதில்லை. புற்றைச் சுற்றி வெள்ளை வெளேரென்று காளான். பாதி மொட்டு, பாதி குடை. ஆனால் அதன்மேல் ஒரு வேப்பங்கொத்து கிடந்தது.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். காளானை முதலில் பார்த்தவர் கையில் கூடை இல்லையென்றால், ஒரு கொத்தை ஒடித்து அதன்மேல் போட்டுவிட்டுக் கூடை எடுத்துவர வீட்டுக்குப் போவார். அப்புறம் வேறு யாரும் தொடக்கூடாது. விடியலில் அந்தப் பக்கம் வருகிறவள் பங்காளியின் பெண்டாட்டி ஒருத்திதான். வரப்பையே தின்றவர்களுக்குக் காளான் ஒரு கேடா என்று வாய்வரை வந்தது. கொத்தைத் தூக்கி எறிந்தால் யார் பார்க்கப் போகிறார்கள்? குனிந்தும்விட்டேன். கை வரவில்லை. வெறுங்கூடையோடு திரும்பும்போது வழியெல்லாம் அழுகை.

மதியம் வாசலில் நிழலாடியது. பங்காளியின் பெண்டாட்டியேதான், கையில் தூக்குவாளி. "மாமாவுக்குக் காளான் கொழம்பு கொண்டாந்தேன்க்கா" என்று நீட்டினாள்.

ஒத்தாசைக்கு வந்திருந்த என் நாத்தனாருக்கு வாய் நிற்காது. "வாங்காதீங்க அண்ணி. எந்தக் காளானோ, என்ன நெனப்புல வெச்சாங்களோ" என்று அவள் காதுபடவே சொல்லிவிட்டார். நானாக இருந்தால் வாளியை அங்கேயே கவிழ்த்துவிட்டுப் போயிருப்பேன்.

அவள் போகவில்லை. "ஒரு தட்டுல சோறு போடுங்கக்கா" என்று தரையில் உட்கார்ந்தாள். குழம்பை ஊற்றி, எங்கள் கண்முன்னால் பிசைந்து சாப்பிட்டாள். "பொழுது சாயற வரைக்கும் இங்கயே ஒக்காந்திருக்கேன். எனக்கு ஒண்ணும் ஆவலன்னா மாமாவுக்குப் போடுங்க" என்றாள்.

வாசலில் சின்ன வெங்காயம் கொட்டிக் கிடந்தது. கையைக் கழுவிவிட்டு வந்து எங்களோடு சேர்ந்து தாளும் வேரும் கிள்ள ஆரம்பித்தாள். மூன்று பேருக்கும் கண்ணில் தண்ணீர். வெங்காயத்தின்மேல் பழியைப் போட்டுவிடலாம். எனக்குத்தான் பொறுக்கவில்லை. "எப்புடிம்மா மனசு வந்துச்சு?" என்று கேட்டேன்.

"கூடைய எடுத்துக்கிட்டுத் திரும்பி வந்தா, ஈரத்துல ஒங்க காலடி. புத்துவரைக்கும் வந்து திரும்பிப் போயிருக்கு. ஒரு மொட்டுகூடக் கொறையல. மாமா ஒண்ணும் சாப்புடலன்னு ஊரே பேசுது. அப்பறம் எனக்கு அது எப்புடிக்கா எறங்கும்?"

உள்ளே கட்டிலிலிருந்து சத்தம் வந்தது. "அங்க என்ன பொழுது சாயறதப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கீங்க? அது குடுத்தத நம்பாம வேற யாரு குடுத்தத நம்புறது? கொழம்பு ஆறிப்போவுது, சோத்தப் போடு!"

காய்ச்சலுக்குப் பிறகு அன்றைக்குத்தான் என் வீட்டுக்காரர் குரலில் பழைய அதட்டல் வந்தது. இரண்டாவது தடவையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நாத்தனார் எழுந்து போய் அப்பளம் பொரித்துக்கொண்டு வந்து, அவளையும் மறுபடி சாப்பிட உட்காரவைத்து, முதல் அப்பளத்தை அவள் தட்டில் வைத்தார்.

வரப்புச் சண்டை அன்றே தீர்ந்துவிடவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு ஆம்பளைகளும் ஒருமுறை கத்திக்கொண்டார்கள். ஆனால் வரப்பை நேர்செய்யப் புற்றை இடிக்கலாம் என்று பேச்சு வந்தபோது மட்டும் இரண்டு பேருமே சம்மதிக்கவில்லை. மழை பெய்தால் யார் காடு என்று பார்க்காமல் அது பாட்டுக்குப் பூக்கிறது. எங்கள் இருவரில் முதலில் போகிறவள் பாதியைப் பறித்துக்கொண்டு, மற்றவளுக்காக மீதியின்மேல் கொத்தைப் போட்டுவிட்டு வருவாள். சந்தேகப்பட்ட வீட்டிலேயே உட்கார்ந்து அவள் சாப்பிட்ட அந்த முதல் வாயை நினைத்தால், யாரையும் சட்டென்று சந்தேகப்பட எனக்கு இன்றுவரை மனசு வருவதில்லை.