ஆறாத கம்பி

பேய், முனி என்று யாராவது பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், யந்திரம் பார்க்கிறவனுக்கு எதற்கும் ஒரு காரணம் தெரிந்தாக வேண்டும். நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

இலங்கை மலைநாட்டில், நோர்வூட்டுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். எங்கள் முதல் பிள்ளை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தோட்டத்து லொறி வருவதற்குள் எங்கள் லயத்து வீட்டிலேயே போய்விட்டது. அந்த ஆத்திரத்தில்தான் நானும் என் மனைவி செல்லம்மாவின் தம்பி ராசுவும் சொந்தமாகக் கார் கட்டினோம். கழித்துப்போட்ட ஜீப்பின் எஞ்சின், எங்கெங்கோ பொறுக்கிய சக்கரங்கள், தேயிலைப் பெட்டிப் பலகையில் உடம்பு. செல்லம்மா மறுபடி மாசமாக இருந்தபோது கார் ஓடத் தொடங்கிவிட்டது, ஆனால் பிரேக் மட்டும் உயிரை வாங்கியது. வாசலில் நன்றாகப் பிடிக்கும், மலை இறங்கினால் பெடல் தரையோடு போய்விடும், திரும்பக் கொண்டுவந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி பிடிக்கும். ரப்பர் மாற்றினேன், குழாயில் காற்று எடுத்தேன், எதுவும் உதவவில்லை.

"இஸ்டோருல புது மெசினு வந்தா ரோதைமுனிக்கு சுருட்டு வைக்காம ஓட விடுவாங்களா மச்சான்? இதுக்கு நீங்க ஒன்னுமே வைக்கலையே" என்றான் ராசு. யந்திரங்களுக்குக் காவல் என்று எங்கள் ஆட்கள் கும்பிடுகிற சாமி அது.

"ஒங்க முனிக்கு பிரேக் வேல தெரியுமா?" என்றேன். அவன் ஒரு சுருட்டைக் கொளுத்திச் சக்கரத்தடியில் வைத்தான்.

மறுநாள் மத்தியானமே செல்லம்மாவுக்கு வலி கண்டுவிட்டது. லொறி அன்றைக்கும் இல்லை. முதல் பிள்ளையின் முகம்தான் கண்ணில் நின்றது, காரை எடுத்துவிட்டேன். ராசு பின்னால் அக்காவைப் பிடித்துக்கொண்டு வந்தான். பாதி இறக்கத்தில் பனி மூடிய வளைவு, பெடலை மிதித்தால் தரையில் போய் உட்கார்ந்தது, கைபிரேக்கும் பிடிக்கவில்லை, கியரும் விழவில்லை, என் உயிர் என்னிடம் இல்லை. அப்போது சுருட்டு நாற்றம் அடித்தது. பின்னாலிருந்து யாரோ இழுத்துப் பிடித்ததுபோல் கார் மெதுவாகி, பள்ளத்து விளிம்பில் நின்றது.

இறங்கிக் குனிந்து பார்த்தேன். கல் பட்டு உடையாமல் இருக்கட்டும் என்று பிரேக் குழாயைச் சைலன்சர் குழாயோடு சேர்த்து நானேதான் கம்பியால் கட்டியிருந்தேன். இப்போது அந்தக் கட்டு அவிழ்ந்து, பிரேக் குழாய் விலகித் தொங்கியது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது, சைலன்சர் சூட்டில் குழாய்க்குள் பிரேக் எண்ணெய் கொதித்துத்தான் இத்தனை நாள் பிரேக் போயிருக்கிறது. கம்பி வளையமாகச் சுருட்டி மிதிபலகை மேல் வைத்திருந்தது.

"நீயா அவுத்த?"

"அக்கா கைய நான் விடவேயில்ல மச்சான்."

எண்ணெய் கொஞ்சம் ஆறியதும் பிரேக் பிடித்தது. அட்டன் ஆஸ்பத்திரியில் மகள் பிறந்தாள், அழுகைச் சத்தம் வெளியே கேட்டபோது நானும் அழுதேன். அந்தக் கார் இருந்தவரை பிரேக் ஒரு நாளும் தகராறு செய்யவில்லை.

அந்தக் கம்பியை ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன். மகள் இப்போது மஸ்கெலியாவில் டீச்சர். அவள் இங்கே வர பஸ் ஏறினால் கம்பி சுடுகிறது, வாசலில் கால் வைத்ததும் ஆறிவிடுகிறது. காரணம் தேடித் தேடி அலுத்துவிட்டேன்.

இன்றைக்கு அவள் வருகிற நாள், இந்நேரம் பஸ் ஏறியிருப்பாள். டப்பா அதோ அலமாரியில் இருக்கிறது, போய்த் தொட்டுப் பாருங்கள்.