காளைக்கன்று சிரித்த நாள்

எங்கள் வீட்டுக் காளைக்கன்று சிரிக்கும். பொய் இல்லை. பசுக்கள் மூத்திரம் பெய்த இடத்தை மோந்து பார்த்துவிட்டு, கழுத்தை நீட்டி, மேலுதட்டை மடித்துத் தூக்கி, ஈறு தெரிய அப்படியே நிற்கும். மாடுகள் தங்களுக்குள் ஏதோ பகடி பேசிக்கொள்கின்றன என்றே நான் நம்பினேன். அது என்ன பகடி என்று அறிய நானும் ஒருமுறை குனிந்து மோந்து, உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். மூக்கு எரிந்ததுதான் மிச்சம்.

அவிநாசிப் பக்கம் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த தொண்ணூறுகள் அவை. அம்மாவுக்குத் தாய்வீட்டுச் சீராக வந்த செவலைப் பசுவுக்குச் சினை நிற்கவே இல்லை. மற்ற மாடுகள் பருவத்துக்கு வந்தால் கத்தி ஊரைக் கூட்டும். செவலை வாயே திறக்காது. குத்துமதிப்பாக நாள் பார்த்துப் போட்ட சினை ஊசியெல்லாம் வீணாயிற்று. அப்பா சலித்துப்போய் அதை விற்பதாக மாட்டுத் தரகரிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். அம்மா எதிர்த்துப் பேசவில்லை. சரியாகச் சாப்பிடவும் இல்லை.

தரகர் வருவதாகச் சொன்ன நாள், அம்மா செவலையைக் கடைசியாகக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அது மூத்திரம் பெய்ததும், பக்கத்தில் கட்டியிருந்த கன்று கயிறு இழுபட எட்டி மோந்தது. தூக்கிய உதட்டை இறக்கவே இல்லை.

"அம்மா, கன்னு செவலையப் பாத்து உடாமச் சிரிக்குது பாருங்க!"

அம்மா கன்றைப் பார்த்தாள். செவலையின் வாலைத் தூக்கியும் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. "நாளைக்கு ஊசி போட்டா நின்னுக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பருவத்தில் இருக்கும் பசுவின் மூத்திரத்தில் ஒரு தனி வாசம் உண்டு, அதை மேலண்ணத்துக்குள் இழுக்கத்தான் காளை உதட்டைத் தூக்குகிறது என்பதெல்லாம் நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது.

அதற்குள் வாசலில் "ஏனுங்க" என்று தரகரின் குரல். கையில் புதுக்கயிறு வேறு. அம்மா ஈரக்கையோடு உள்ளே ஓடிச் சாமி விளக்கை ஏற்றினாள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"விளக்கு வெச்சாச்சுங்க. இனி மகாலட்சுமிய வாசல் தாண்டி அனுப்பறதுங்களா?"

தரகர் அண்ணாந்து பார்த்தார். "பொழுது உச்சியிலல்ல நிக்குதுங்க அம்மணி!"

அப்பா வந்தார். விளக்கைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். கொடுத்த வாக்கை உயிராக நினைக்கிற மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "விளக்கு வெச்ச ஊட்டுல மாட்ட அவுக்கறதில்லீங்க. பொறவு பாத்துக்கலாங்க" என்றார். தரகர் மோர் குடித்துவிட்டு வெறுங்கயிற்றோடு போனார். மறுநாள் போட்ட ஊசியில் செவலைக்குச் சினை நின்றது.

எனக்கு மட்டும் பெரிய பயம் பிடித்துக்கொண்டது. உச்சி வெயிலை அப்பா விளக்கு வைக்கிற இருட்டு நேரம் என்கிறாரே! அப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம் என்று அம்மாவிடம் அழுதேன்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். "உங்கப்பனுக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது, கண்ணு" என்றாள். சிரித்தவள் அதே முந்தானையால் ஏன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.