உள்ளே யாரும் தட்டவில்லை

நான் பேய் பிசாசை நம்புகிற ரகம் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிரெய்லரில் ஒரு விளக்கு விட்டு விட்டு எரிந்தால் எனக்கு ஆவி ஞாபகம் வராது. எர்த் வயர் ஞாபகம்தான் வரும். அப்படிப்பட்ட எனக்குத்தான் இது நடந்தது. நடுராத்திரியில் அல்ல, சுடுகாட்டுப் பக்கத்திலும் அல்ல. ஜூலை மாதத்துச் சனிக்கிழமை மத்தியானம், ஐயோவாவில், லாரிகள் ஓடுகிற நெடுஞ்சாலையில். கதை விடுகிறாள் என்று நினைப்பவர்கள் ஒரே ஒரு தடவை என் வண்டியில் வந்து உட்கார்ந்து பாருங்கள். வேறு எதுவும் வேண்டாம்.

என் பெயர் லோர்னா. தம்பி கர்ட் மண் டிராக்கில் ரேஸ் ஓட்டுகிறவன். சனிக்கிழமை என்றால் ஏதாவது ஓர் ஊரில் போட்டி இருக்கும். கார் அவன் பொறுப்பு. அதை ஏற்றிக்கொண்டு என் வண்டிக்குப் பின்னால் வருகிற டிரெய்லர் என் பொறுப்பு. டயர் காற்று, சக்கர நட்டு, பேரிங் கிரீஸ், காரை நாலு மூலையிலும் இழுத்துக் கட்டுகிற பெல்ட்... எல்லாம் நான்தான். ஜெயித்தால் கோப்பையோடு அவன் படம் எடுத்துக்கொள்வான். வழியில் டயர் வெடித்தால் மட்டும் எல்லோருக்கும் என் பெயர் ஞாபகம் வரும்.

பல வருஷம் திறந்த டிரெய்லரை வைத்தே காலம் தள்ளினோம். போன வசந்தத்தில்தான் நாலு பக்கமும் மூடிய டிரெய்லர் ஒன்று கிடைத்தது. மிசோரியில் ஆர்லீன் என்று ஒரு வயதான அம்மா விற்றார். வெள்ளை அலுமினியம், நல்ல நீளம், அச்சில் துளி துரு இல்லை. பேரம்கூடப் பேசாமல் கொடுத்தார்.

சாவியைக் கொடுப்பதற்கு முன் அவர் ஒரு காரியம் செய்தார். பக்கவாட்டுக் கதவை இரண்டு தட்டு தட்டினார். காதை வைத்துக் கேட்டார். அப்புறம்தான் திறந்தார்.

உள்ளே ஒன்றுமே இல்லை. காலி டிரெய்லரின் கதவை எதற்குத் தட்ட வேண்டும்? கர்ட் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். தனியாக இருக்கிற மனுஷி, ஏதோ பழக்கம் என்று விட்டுவிட்டேன்.

மே மாதம் முழுக்க அதை எங்கள் வசதிக்கு மாற்றினோம். தரைக்கு ரப்பர் பூச்சு, டயர் அடுக்க ஸ்டாண்டு, கருவிகளுக்கு அலமாரி, கூரையில் ஏசி. முன்பக்க மூலையில் ஒரு பெட்டி கட்டி ஜெனரேட்டரை வைத்து, அதன் புகைக்குழாயைத் தரை வழியாகக் கீழே இறக்கினோம். அந்தப் பெட்டிக்காகப் பழைய பலகையைக் கழற்றியபோது கர்ட் கூப்பிட்டான்.

"அக்கா, இங்க வாயேன். ஆலங்கட்டி மழை உள்ளேயிருந்து பெய்ஞ்சிருக்கு."

பின்னாலிருந்த அலுமினியத் தகடு குழி குழியாக இருந்தது. எல்லாம் உள்ளேயிருந்து வெளியே தள்ளியவை, ஒரே இடத்தில். நின்றுகொண்டு அடிக்கிற உயரமும் இல்லை. முழங்காலுக்குக் கீழே...

"டயர் உருண்டு வந்து இடிச்சிருக்கும்டா."

"ஆமா, கையில சுத்தியல வச்சுக்கிட்டு உருண்டிருக்கும்."

சிரித்துக்கொண்டே அதன்மேல் புதுப் பலகை அடித்தோம்.

ஜூனில் ஓட ஆரம்பித்ததும் இன்னொரு தொல்லை. டிரெய்லரை மாட்டினால் போதும், என் வண்டியில் பக்கத்து சீட்டு பெல்ட் விளக்கு எரியும். டிங்... டிங்... என்று சத்தம் போடும். அந்த சீட்டில் ஆள் உட்கார்ந்தால்தான் அது எரிய வேண்டும். அதில் ஒரு பேப்பர்கூடக் கிடையாது. டிரெய்லரைக் கழற்றினால் நின்றுவிடும். எர்த் கோளாறு என்று முடிவு கட்டி, பிளக்கைச் சுரண்டினேன், வயரை மாற்றினேன். நிற்கவில்லை. கடைசியில் காலி சீட்டுக்கு பெல்ட்டைப் பூட்டி வைத்தேன். சத்தம் நின்றது.

யாரையோ உட்காரவைத்துப் பூட்டியது போலத்தான் இருந்தது.

அந்த சனிக்கிழமைக்கு வருகிறேன். கர்ட் அந்த வருஷப் புள்ளிப் பட்டியலில் முதலில் இருந்தான். மயிரிழை வித்தியாசம். ஒரு போட்டி தவறினாலும் வருஷம் முழுக்கப் பட்ட பாடு வீண். காலையில் பார்த்தால் காரின் பின்சக்கர பிரேக்கில் எண்ணெய் ஒழுகுகிறது. பாகம் வந்து சேர்வதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. மாட்டிவிட்டுக் கிளம்பினால் பெயர் கொடுக்கிற நேரம் தாண்டிவிடும்.

"நான் உள்ள உக்காந்து மாட்டிக்கிட்டே வரேன்க்கா. நீ ஓட்டு."

"செருப்பு பிஞ்சிடும். ஓடற டிரெய்லர்ல ஆளா?"

"எல்லாப் பயலும் பண்றதுதான். ஏசியப் போட்டுக்கிட்டு ராஜா மாதிரி வரேன்."

"போலீஸ் பிடிச்சா?"

"பன்னிக்குட்டி ஏத்திட்டுப் போறேன்னு சொல்லு. மூஞ்சியப் பார்த்தா நம்பிடுவாங்க."

அவன் சொன்னது பொய் இல்லை. எல்லோரும் ஒரு தடவையாவது செய்திருப்பார்கள். யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஜெனரேட்டர் ஓடியது. அவன் காருக்குப் பின்னால் குந்தினான். நான் கதவைச் சாத்தி, வழியில் திறந்துகொள்ளாமல் இருக்க வழக்கம்போல வெளியே கம்பித் தாழைப் போட்டேன். கை தன் பழக்கத்தில் போட்டுவிட்டது.

இரண்டு மணி பத்து நிமிஷத்துக்குக் கிளம்பினோம்.

மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரத்தில் முன்விளக்கு போட வேண்டிய அளவுக்கு இருட்டு. காற்று டிரெய்லரைப் பிடித்து ஆட்டியது. நான் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டே முக்கால்.

டக்... டக்... டக்...

பெல்ட் நுனி தொங்குகிறது என்று நினைத்தேன். மிச்ச நுனியைச் சுருட்டிச் சொருகாவிட்டால் காற்றில் அடித்துக்கொள்ளும். ரேஸ்காரர்களுக்குப் பழகிப்போன சத்தம்.

அப்புறம்தான் உறைத்தது. பெல்ட் எல்லாம் டிரெய்லருக்கு உள்ளே இருக்கிறது. உள்ளே ஏது காற்று?

டக்... டக்... டக்...

கர்ட் விளையாடுகிறான். அவனுக்குப் போன் செய்தேன். மணி அடித்தது. எடுக்கவில்லை. ஜெனரேட்டர் சத்தத்தில் கேட்டிருக்காது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். இப்போது நிறுத்தினால் நேரம் போய்விடும். நேரம் போனால் அவன் வருஷம் போய்விடும். காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுக்கவில்லை.

மழை கொட்ட ஆரம்பித்தது.

டக்... டக்... டக்...

காற்றில் ஆடுகிற பொருள் இப்படித் தட்டாது. நிதானமாக மூன்று. ஓர் இடைவெளி. மறுபடி மூன்று. யாரோ கதவுக்கு வெளியே நின்று, நான் திறப்பேன் என்று காத்திருப்பது போல இருந்தது.

மறுபடியும் போன் செய்தேன். மணி அடித்து ஓய்ந்தது.

இடைவெளி குறைந்தது.

டக்டக்டக்... டக்டக்டக்...

"டேய், சும்மா இருடா!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

டக்டக்டக்டக்டக்...



காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்தேன்.

நிறுத்தினேன்.

சத்தமும் நின்றது.

சோளக்காட்டு ஓரம். மழையில் இறங்கி ஓடினேன். கம்பித் தாழ் ஈரத்தில் வழுக்கியது. இழுத்தேன். கதவு திறந்ததும் முகத்தில் புகை வாடை அடித்தது. விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. ஏசி குளுகுளுவென்று ஓடிக்கொண்டிருந்தது.

கர்ட் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்திருந்தான்.

ஸ்பானர் கையிலேயே இருந்தது.

"கர்ட்..."

அசையவில்லை.

அக்குளில் கை கொடுத்து இழுத்தேன். நூறு கிலோ உடம்பு. எப்படி இழுத்தேன் என்று இன்றுவரை தெரியாது. மழையில் புல்மேல் போட்டேன். கன்னத்தில் அறைந்தேன். மூச்சு இருக்கிறதா என்று காதை வைத்தேன். மழைச் சத்தத்தில் ஒன்றும் தெரியவில்லை. அம்மா செத்தபோதுகூட நான் அப்படி அழுததில்லை.

அப்புறம்... ஒரு இருமல்.

ஆம்புலன்ஸ் வந்தது. இன்னும் பத்து நிமிஷம் உள்ளே இருந்திருந்தால் சவப்பெட்டியில்தான் எடுத்துப் போயிருப்போம் என்று டாக்டர் சொன்னார். அதிர்வில் ஜெனரேட்டர் புகைக்குழாயைப் பிடித்திருந்த கிளாம்ப் கழன்று, புகை முழுக்க உள்ளேயே பாய்ந்திருக்கிறது. மணமில்லாத விஷம் அதோடு கலந்திருக்கும். ஏசிக்காக எல்லாக் காற்றுத் துவாரத்தையும் அவனே மூடியிருந்தான்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"நீ மட்டும் தட்டலன்னா நான் நின்னிருக்க மாட்டேன்டா."



"நான் எங்கக்கா தட்டினேன்? கிளம்பின கொஞ்ச நேரத்துலயே தலை சுத்துச்சு. செத்த நேரம் படுக்கலாம்னு படுத்தேன். அவ்வளவுதான் தெரியும்."

இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் ஆர்லீன் அம்மாவுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் முதலில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"உள்ள ஆள் வச்சு ஓட்டினீங்களா?"

"ஆமாம்மா."

"எம்பையன் டெவினும் அப்படித்தான் போனான். சின்ன கேஸ் ஹீட்டர் ஒண்ணப் பத்த வச்சுக்கிட்டு இன்ஜின் வேலை பார்த்தான். என் வீட்டுக்காரர் வெர்னன் ஓட்டினார். போய்ச் சேர்ந்து திறந்து பார்த்தா... கையில சுத்தியல். முன்சுவர்ல அடிச்ச தடம். விழுந்து கிடந்தும் அடிச்சிருக்கான்."

புதுப் பலகை அடித்து நாங்கள் மூடிய குழிகள் எனக்கு ஞாபகம் வந்தன.

"வெர்னனுக்கு ஒண்ணும் கேக்கல. கேக்கலையே, கேக்கலையேன்னு அதையே சொல்லிச் சொல்லி அந்தக் குளிர்காலத்துலயே அவரும் போயிட்டார்."

"ஆனா எனக்குக் கேட்டுச்சும்மா. நல்லாவே கேட்டுச்சு."

"கேக்காதும்மா," என்றார் அந்த அம்மா. கோபம் இல்லை, அழுகையும் இல்லை. "அதுல உள்ளேயிருந்து என்ன அடிச்சாலும் முன்னால வண்டியில கேக்காது."

என் புத்தி அதை ஏற்கவில்லை. கர்ட் தேறி வந்ததும் சோதித்துப் பார்த்துவிடலாம் என்றேன். ஜெனரேட்டரை நிறுத்தி, துவாரங்களை எல்லாம் திறந்து வைத்தோம். அவன் ஓட்டினான். நான் உள்ளே உட்கார்ந்தேன். அதே சாலை, அதே வேகம். வண்டியில் பாட்டுப் போடாதே, காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டு என்று சொல்லி வைத்திருந்தேன்.

பெரிய சுத்தியலை எடுத்தேன். முன்சுவரில் ஓங்கி அடித்தேன். மூன்று மூன்றாக அடித்தேன். அப்புறம் கணக்கில்லாமல் அடித்தேன். பலகை பிளந்தது. தோள்பட்டை கழன்றுவிடும் போல வலித்தது. பாதியில் எனக்கே பயம் வந்து, "நிறுத்துடா" என்று கத்திக்கொண்டே அடித்தேன். வண்டி நிற்கவே இல்லை. பேசி வைத்த இடம் வந்த பிறகுதான் நின்றது.

கர்ட் கதவைத் திறந்தான். முகத்தில் எரிச்சல்.

"என்னக்கா, ஒரு அடிகூட அடிக்கல? சும்மாவா உக்காந்திருந்தே?"

நான் பிளந்த பலகையைக் காட்டினேன். அவன் முகம் வெளுத்தது.

"எனக்கு... ஒண்ணுமே கேக்கலையேக்கா."

அப்படியென்றால் அன்றைக்கு நான் கேட்டது டிரெய்லருக்குள்ளிருந்து வந்ததே இல்லை. நான் ஓட்டிக்கொண்டிருந்த வண்டிக்குள்ளேயே, கைக்கெட்டும் தூரத்தில், நான் பெல்ட் பூட்டி வைத்த அந்தக் காலி சீட்டுப் பக்கமிருந்து வந்திருக்கிறது.

வீட்டுக்குத் திரும்ப இன்னும் இருபது மைல் இருந்தது. கர்ட் வண்டிச் சாவியை என்னிடம் நீட்டினான், நான் அதை அவன் பக்கமே தள்ளினேன்.